மாரி வந்தால் கறுக்கும் சுவர்

கேள்வி: மட்டக்களப்பு நாவற்குடாவில் வாவிப் பக்கமாக எங்கள் வீடு இருக்கிறது. சீமெந்துக்கல் சுவர், அஸ்பெஸ்டோஸ் கூரை. ஒவ்வொரு மாரிக்கும் பிள்ளை படுக்கும் அறையின் சுவர் அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வருகிறது. அலுமாரியை இழுத்துப் பார்த்தால் நான்கு அடி அகலத்துக்கு, இரண்டு அடி உயரத்துக்குப் பூஞ்சணம். என் கணவர் மூன்று வருடமாக ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அதைச் சுரண்டி எனாமல் பெயின்ட் அடிக்கிறார். அடுத்த மாரியில் அது கொப்பளித்து உரிந்து விழுகிறது. ஏழு வயது மகனுக்குக் கார்த்திகை பிறந்தால் இரவு முழுவதும் இருமலும் இழுப்பும். கோடையில் ஒன்றும் இல்லாததால் கபில நிற இன்ஹேலரை நிறுத்திவிட்டோம், நீலத்தைத்தான் பாவிக்கிறோம். கொக்கட்டிச்சோலையில் அம்மம்மா வீட்டில் நின்றால் நன்றாக இருக்கிறான். சீனி வருத்தம் உள்ள என் மாமிக்கும் ஒரு மாதமாக இருமல். இது கொரோனா காலத்தில் ஆட்களைக் கொன்ற கறுப்புப் பூஞ்சை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்; மண்ணெண்ணெய் பூசச் சொல்கிறார். காலமான மாமாவின் ஒரே படத்திலும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. சுவரை உடைப்பதா, வீட்டை விட்டுப் போவதா? மிகவும் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், நாவற்குடா

வைத்தியரின் பதில்:

தங்கச்சி, வீட்டை விட்டுப் போக வேண்டாம். சுவரை உடைக்கவும் வேண்டாம். அந்தச் சுவர் எங்கேயிருந்து தண்ணீர் குடிக்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். மூன்று வருடமாக உங்கள் கணவர் பூஞ்சணத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார். தண்ணீரைத் தேடிப் போனதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வைப்போம். பக்கத்து வீட்டு அக்கா சொல்வது, 2021ஆம் ஆண்டு இந்தியச் செய்திகளில் நாள்தோறும் அடிபட்ட மியூகோர்மைகோசிஸ் என்ற நோயை. கறுப்புப் பூஞ்சை என்ற பெயரே பலரைக் குழப்பிவிட்டது. அந்த நோயில் கறுத்துப்போவது மனிதனின் தசை. பூஞ்சை இரத்தக் குழாய்களை அடைப்பதால் மூக்கின் உள்ளேயும் கண்ணைச் சுற்றியும் தசை இறந்து கறுக்கிறது. கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ளவர்களையும், ஸ்டீரொயிட் மருந்தை அதிக அளவில் எடுத்தவர்களையும், வேறு காரணங்களால் நோய் எதிர்ப்புச் சக்தி விழுந்தவர்களையும்தான் அது பெரும்பாலும் பிடித்தது. உங்கள் சுவரில் இருப்பது வேறு குடும்பம். ஈரச் சுவர்களில் வழமையாக வளர்பவை கிளடோஸ்போரியம், அஸ்பர்ஜிலஸ், பெனிசிலியம் போன்றவை. கறுப்பா பச்சையா என்று நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. என்ன இனம் என்று அறிய ஆய்வுகூடத்துக்குக் காசு கட்டவும் வேண்டாம். எந்த இனமாக இருந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றுதான். மாமிக்குச் சீனி வருத்தம் இருப்பதால் சீனியின் அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். சுவர் தேய்க்கும் வேலையில் அவரைச் சேர்க்காதீர்கள்.

பயப்பட வேண்டாம் என்றால், பேசாமல் விட்டுவிடலாம் என்று பொருள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஈரம் பிடித்த வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமலும் இழுப்பும் சுவாசத் தொற்றும் கூடுதலாக வருகின்றன, ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கடுமையாகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இருப்பதாக அது சொல்கிறது. இவ்வளவு பூஞ்சணம் வரைக்கும் பாதுகாப்பு என்று அதில் எந்த அளவும் குறிக்கப்படவில்லை. ஈரத்தையே வர விடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, எந்த இரத்தப் பரிசோதனையையும் விடப் பெறுமதியான சோதனையை நீங்களே செய்துவிட்டீர்கள். அம்மம்மா வீட்டில் நின்றால் நன்றாக இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். கிளினிக்குக்குப் போகும்போது இதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் நாள் போட்டு எழுதிவந்தால் இன்னும் நல்லது: எந்த இரவு இருமினான், எங்கே படுத்தான், அன்று மழையா வெயிலா. பூஞ்சணத்தின் கண்ணுக்குத் தெரியாத வித்துகளும் துகள்களும் மூச்சோடு உள்ளே போய், ஒவ்வாமை உள்ள பிள்ளையின் சுவாசக் குழாய்களை வீங்கி ஒடுங்க வைக்கின்றன. அதைத்தான் நம் ஆட்கள் முட்டு என்றும் இழுப்பு என்றும் சொல்கிறார்கள். ஆனால் எல்லாப் பழியையும் சுவரின்மேல் போட்டுவிட மாட்டேன். மாரியில் தடிமன் கிருமிகள் பரவுகின்றன. ஈரமான மெத்தையில் தூசிப் பூச்சிகள் பெருகுகின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால்தான் கார்த்திகை, மார்கழியில் பிள்ளைகள் இப்படிப் படாதபாடு படுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது சுவரைப் பற்றிய வரி அல்ல, கபில நிற இன்ஹேலரை நிறுத்திவிட்டோம் என்ற வரிதான். நீலம் சுருங்கிய குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தை ஆற்றுவது கபிலம். அது ஒவ்வொரு நாளும் போனால்தான் வேலை செய்யும், பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். மூச்சோடு உள்ளே இழுக்கும் மருந்தின் அளவு மிகச் சிறியது, அதுவும் நேரே நுரையீரலுக்குத்தான் போகிறது. இந்த வாரமே மகனை அவனைப் பார்க்கும் வைத்தியரிடம் கூட்டிப் போய், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படி மறுபடி தொடங்குவது என்பதை அவர் சொல்வார். இன்ஹேலரை நேரே வாயில் அடிக்காமல், ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைப் பூட்டி அதன் வழியாகக் கொடுங்கள். கபிலம் எடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வையுங்கள். அடுத்த வருடம் கோடையில் சுகமாக இருக்கிறான் என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மாரிக்கு முன் குழாய்கள் ஆறியிருக்க வேண்டும்.

மூச்செடுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுத்தால், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், நீல இன்ஹேலர் கொடுத்தும் இறங்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் நீலத்தைக் கொடுத்துக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

இன்னொரு விடயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அறையில் ஈர மணம் அடிக்கிறதென்று சாம்பிராணி பிடிக்கிறீர்களா? இரவில் நுளம்புத்திரி கொளுத்துகிறீர்களா? இழுப்போடு என்னிடம் வரும் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்கின்றன. அடைத்த அறையில் எரியும் நுளம்புத்திரியின் புகை, ஏற்கெனவே வீங்கிய குழாய்க்குப் பூஞ்சணத்தை விடக் கெடுதி செய்யக்கூடும். டெங்குப் பயம் நியாயமானதுதான். அதற்கு நுளம்பு வலை இருக்கிறது, யன்னலுக்கு வலைக்கம்பி அடிக்கலாம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பகலில் பிள்ளை தூங்கினாலும் வலைக்குள் தூங்கட்டும். புகை மட்டும் வேண்டாம்.

மாமியின் இருமலுக்குச் சுவரைக் காரணம் காட்டி ஆறுதல் அடைய வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் யாராக இருந்தாலும் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு கூடுதல். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அந்தச் சோதனையை இலவசமாகச் செய்வார்கள். மாமி நெல் மூட்டை அடுக்கிய இடத்தில் இருந்து சுளகில் புடைப்பவராக இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நனைந்து பூஞ்சணம் பிடித்த நெல்லையும் வைக்கோலையும் கிளறும்போது எழும் தூசி சிலருக்கு நுரையீரலையே அழற்சியடைய வைக்கும். வேலை செய்து நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் காய்ச்சலும் நடுக்கமும் மூச்சுத் திணறலும் வந்து, மறுநாள் தணிந்துவிடும். அதனால் சாதாரண காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். அதையே வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிப் போகும். படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் வயல் செய்யும் வீடுகளில் இதை நான் மறக்காமல் விசாரிப்பதுண்டு. நெல்லையும் விதைநெல்லையும் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். வேறு இடமே இல்லையென்றால், பலகைமேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள்.

இனிச் சுவருக்கு வருகிறேன்.

சுவர் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு வயதான மேசன். 2011 தை மாத வெள்ளம் வடிந்தபின் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். நான் அறைக்குள் கூட்டிப் போகப் பார்த்தேன். அவர் வரவில்லை, முதலில் வீட்டைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்தார். கூரைத் தண்ணீர் விழுந்து விழுந்து மண்ணில் வெட்டியிருந்த வாய்க்காலைக் காலால் தொட்டுக் காட்டினார். பிறகு உள்ளே வந்து, புறங்கையைச் சுவரில் வைத்துத் தரையிலிருந்து மெல்ல மெல்ல மேலே கொண்டுபோனார். குளிர்ச்சி முடிந்த இடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டார். ஒரு முழம் தள்ளி இன்னொரு கோடு. இப்படி நான்கு சுவருக்கும் போட்டார். கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால், மூன்று சுவரில் ஒரு சாண் உயரத்தில் போன ஈரம், ஒரு மூலையில் மட்டும் மூன்று அடிக்கு ஏறியிருந்தது. அந்த மூலைக்கு நேர் வெளியேதான் அந்த வாய்க்கால் இருந்தது. வெள்ளம் போன பிறகும் ஒவ்வொரு மழையும் அந்த மூலைக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அந்த மூலையில்தான் அலுமாரியை வைத்திருந்தேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். புறங்கையும் ஒரு பென்சிலும் போதும். ஈரம் தரையில் தொடங்கி மேலே போகப் போகக் குறைந்தால் தண்ணீர் நிலத்திலிருந்து வருகிறது. கூரையோரம் தொடங்கிக் கீழே கோடாக இறங்கி, கபில நிற வளையம் விட்டிருந்தால் கூரை ஒழுகுகிறது. பெரும்பாலும் சீற் ஆணியடித்த துளையில்தான் பிழை இருக்கும். சுவரின் நடுவே ஒரு திட்டாக இருந்து, மறுபக்கம் குளியலறையாக இருந்தால் குழாயைச் சந்தேகியுங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுத் தாங்கியின் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்து, விடிய எழும்பிப் பாருங்கள். வடகிழக்கைப் பார்த்த சுவரில் மட்டும் வந்தால், வாடைக்காற்று மழையைச் சுவரில் அடிக்கிறது. தாவாரம் போதவில்லை அல்லது வெளிப்பூச்சு வெடித்திருக்கிறது. அடிப்பகுதியில் கறுப்போடு வெள்ளை மாவும் கண்டால் அந்த வெள்ளை பூஞ்சணம் அல்ல. நிலத்து ஈரத்தோடு ஏறிவந்த உப்பு, உவர். ஒரு துளி தண்ணீரில் போட்டால் அது கரைந்துவிடும். பூஞ்சணம் கரையாது, இழுபட்டு அப்பும்.

அலுமாரியின் பின்னால் மட்டும் வந்தால் அது அறையின் ஈரக் காற்று தங்கியதாலும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பொலித்தீன் தாளை வெட்டி, கழுவிக் காயவிட்ட சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் போகாதபடி டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்.

உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், அடியிலிருந்து ஏறி இரண்டு அடியில் நிற்கும் உங்கள் சுவரின் ஈரம் நிலத்திலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். மாரியில் உங்கள் கிணற்று நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த நிலத்தடி நீரை நாம் இறக்க முடியாது. ஆனால் அதோடு சேரும் கூரைத் தண்ணீரைத் தடுக்கலாம். கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். உங்கள் கூரையின் ஒரு பக்கச் சரிவு 10 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம் என்று வைத்தால் 40 சதுர மீற்றர். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் கொட்டுவது நமக்குப் புதிது அல்ல. அன்று மட்டும் அந்தச் சுவரின் காலடியில் 4000 லீற்றர் தண்ணீர் விழுகிறது. 1000 லீற்றர்த் தாங்கிகள் நான்கு. பீலி இல்லாத வீட்டில் அவ்வளவும் அத்திவாரத்தோரமாகத்தான் இறங்கும்.

ஆகவே பெயின்ட் வாங்கும் காசில் முதலில் பீலி பூட்டுங்கள். பீலித் தண்ணீரைக் குழாய் வழியாகச் சுவரிலிருந்து சில அடி தூரத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். அடுத்தது, சுவரின் வெளிப்பக்கம் மண்ணைப் பாருங்கள். வருடா வருடம் மணல் கொட்டி முற்றத்தை உயர்த்தியிருப்போம், பூங்கன்றுக்குப் பாத்தி கட்டியிருப்போம். கடைசியில் வெளியே இருக்கும் மண் உள்ளே இருக்கும் தரையை விட உயர்ந்துவிடும். அத்திவாரத்தில் போட்ட ஈரத்தடுப்புப் படை இருந்தும் பயனில்லை. தண்ணீர் அதைத் தாண்டி நேரே சுவருக்குள் போகும். சுவரோரம் மண்ணை வெட்டி, வீட்டுத் தரையை விட அரை அடியாவது கீழே இறக்கி, வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். இவ்வளவும் ஒரு மண்வெட்டியால் ஆகிற வேலை. இதைச் செய்து ஒரு மாரி பார்க்காமல், சுவரில் துளை போட்டு மருந்து ஏற்றுவது போன்ற செலவான வேலைகளுக்குப் போக வேண்டாம்.

எனாமல் பெயின்டைப் பற்றி உங்கள் கணவருக்கு நேரே சொல்ல விரும்புகிறேன். தம்பி, உங்கள் உழைப்பில் குறை இல்லை. எனாமல் தோல் போல மூடுகிறது. சுவருக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியேற வழியில்லாமல் அந்தத் தோலைத் தள்ளுகிறது, கொப்பளிக்கிறது, உரிகிறது. உள்ளே ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற நகரத்தில் அவாப் இஷாக் என்ற குழந்தை பூஞ்சணம் பிடித்த வீட்டில் வளர்ந்தது. 2017இல் தந்தை முறையிட்டபோது அதற்கு மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். 2020 டிசம்பரில், இரண்டு வயதில், அந்தக் குழந்தை இறந்தது. நீண்ட காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த நோயே காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவு சொன்னது. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அது யன்னல் திறக்க முடியாத குளிர் நாட்டில், காற்றோட்டம் குறைந்த வீட்டில் நடந்தது. உங்கள் மகனுக்கு வெயிலும் காற்றும் மருந்தும் இருக்கின்றன. பெயின்ட் அடித்து மூடுவதால் பூஞ்சணம் போய்விடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

இப்போதைக்கு, மழை விடும் வரை செய்ய வேண்டியவை. மகனை வேறு அறையில் படுக்க வையுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுங்கள். ஈர உடுப்புகளை அந்த அறையில் உலர்த்தாதீர்கள். மழை இல்லாத பகல்களில் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை எதிரெதிர் யன்னல்களைத் திறந்து, மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி விடுங்கள். மாரியில் வெளிக்காற்றே ஈரம்தான். அறையை முழுதாக உலர வைக்க முடியாது. காற்று ஓடிக்கொண்டிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும் வேகமாவது குறையும். எந்தப் பொருள் நனைந்தாலும் இரண்டு நாளுக்குள் உலர வைத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் வித்து முளைக்கத் தொடங்கிவிடும்.

நான்கு அடிக்கு இரண்டு அடி என்றால் நீங்களே கழுவக்கூடிய அளவு. அன்று மகனையும் மாமியையும் வேறு வீட்டில் விடுங்கள். கழுவுபவர் என்95 முகக்கவசமும் இறப்பர் கையுறையும் போட வேண்டும். துணியால் மூக்கைக் கட்டினால் போதாது. உலர்ந்த சுவரைச் சுரண்டாதீர்கள், தும்புத்தடியால் தட்டாதீர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் சுரண்டியபோது அந்த வித்துகள் வீடு முழுவதும் பறந்திருக்கும். முதலில் சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரைத் தெளித்து நனையுங்கள். பிறகு தேயுங்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், தண்ணீரை மாற்றி மறுபடி துடையுங்கள், உலர விடுங்கள். துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். சவர்க்காரமும் தேய்ப்புமே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். கறை போகாவிட்டால் கடையில் விற்கும் குளோரின் திரவத்தில் ஒரு கோப்பையை நான்கு லீற்றர் தண்ணீரில் கலந்து, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பூசலாம். அந்தத் திரவத்தோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ வினாகிரியையோ அமோனியா உள்ள எதையுமோ சேர்த்துவிடாதீர்கள். நுரையீரலை எரிக்கும் நச்சு வாயு கிளம்பும். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டைப் பலன் என்று நினைத்து, பிறகு மூச்சுத் திணறி வைத்தியசாலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது தீப்பிடிக்கும், அதன் ஆவியே இழுப்பைக் கிளப்பும்.

தும்பு மெத்தையிலும் தலையணையிலும் பூஞ்சணம் உள்ளே இறங்கிவிட்டால் கழுவிச் சரிப்படுத்த முடியாது. மனம் வராவிட்டாலும் எறியுங்கள். காசு இப்போது இல்லையென்றால், வெயிலில் நன்றாகக் காய்ந்த ஒரு பன்பாய், ஈர மெத்தையை விட மகனுக்கு எவ்வளவோ மேல். கூரை உட்புறம் கறுத்திருந்தாலும் அஸ்பெஸ்டோஸ் சீற்றைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். அதிலிருந்து வெளிவரும் நார் பூஞ்சணத்தை விடப் பொல்லாதது. நுரையீரலில் தங்கிப் பல வருடங்களுக்குப் பின் புற்றுநோயாக வரக்கூடியது. ஈரத் துணியால் மெதுவாகத் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

பூச்சை இந்தப் பொங்கலுக்குச் செய்யாதீர்கள். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பது நம் வழக்கம்தான், ஆனால் மட்டக்களப்பில் தையில் சுவர் இன்னும் தண்ணீரில் நிற்கிறது. சுவரின் ஒவ்வொரு அங்குலத் தடிப்பும் உலர ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மாசியில் மழை ஓய்ந்தபின் கொப்பளித்த எனாமலை நனைத்து நீக்கிவிட்டு, சுவரைத் திறந்தபடி விடுங்கள். பார்க்க அழகாக இராது, பரவாயில்லை. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும்போது வேறு எந்த இயந்திரமும் செய்யாத அளவுக்கு அது சுவரை உலர்த்தும். பொலித்தீன் சோதனையை மறுபடி செய்து, தாள் உலர்ந்தே இருந்தால் அப்போது பூசுங்கள். நான் சிபாரிசு செய்வது சுண்ணாம்பு. அது சுவரை மூச்சுவிட விடும். அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. பூசும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் படம். அதை வெயிலில் வைக்காதீர்கள், தண்ணீராலும் துடைக்காதீர்கள். முதலில், இப்போது இருக்கிறபடியே கைபேசியில் நல்ல வெளிச்சத்தில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு சட்டத்தைத் திறந்து, நிழலில் காற்றுப்பட உலர விடுங்கள். நன்றாக உலர்ந்ததும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே வைத்து, மிக மெல்லிய தூரிகையால் பூஞ்சணத்தை ஓரத்தை நோக்கித் தட்டிவிடுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனால், அதன் மேலாகவே பிரதி எடுத்து, புள்ளிகளைக் கணினியில் நீக்கித் தருவார்கள். புதிய படத்தை அந்த அறைச் சுவரில் மாட்டாமல், முன் மண்டபத்தில் உட்சுவரில் மாட்டுங்கள்.